பேர் போன கதை

1948ஆம் வருடம் ஏப்ரல் முதல் தேதி வெளிவந்த 'பிசிக்கல் ரிவ்யூ' என்ற அமெரிக்க ஆய்விதழில் ஒரு சின்னக் கட்டுரை இருக்கிறது. தலைப்பு 'வேதித் தனிமங்களின் தோற்றம்'. இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும். எழுதியவர்கள் என்று மூன்று பேர் போட்டிருக்கும்: ஆல்ஃபர், பேத்தே, காமோவ். இதில் காமோவ் ஆசிரியர். ஆல்ஃபர் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவர், கணக்கு முழுக்கப் போட்டவர். பேத்தே இந்த வேலையில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை.

பிறகு எப்படி அந்தப் பெயர் உள்ளே வந்தது? கிரேக்க நெடுங்கணக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஆரம்பிக்கிறது, நம்ம அ, ஆ, இ மாதிரி. ஆல்ஃபர், காமோவ் என்று இரண்டு பெயர் மட்டும் போட்டால் நடுவில் ஓர் எழுத்து குறைகிறதே என்று காமோவுக்குத் தோன்றியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த தன் நண்பர் ஹான்ஸ் பேத்தேயின் பெயரை எடுத்து நடுவில் செருகிவிட்டார். பேத்தே அப்போதே உலகம் அறிந்த பெரிய ஆள். நட்சத்திரங்கள் எப்படி எரிகின்றன என்று 1939லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர். காமோவும் பெரிய ஆள். அச்சான தேதி முட்டாள்கள் தினம் வேறு. இயற்பியல் உலகம் இன்றுவரை இந்த வேடிக்கையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்காத ஆள் ஒருவர் இருந்தார். அவர்தான் ரால்ஃப் ஆல்ஃபர். இரண்டு பெரிய தலைகளுக்குப் பக்கத்தில் 27 வயது மாணவன் பெயர் நின்றால் யார் வேலை செய்ததாக உலகம் நினைக்கும் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. ஆசிரியரிடம் சொல்லியும் பார்த்தார். நடக்கவில்லை.

நம்ம பத்திரிகையில் எதுக்கு இந்த வெள்ளைக்காரன் கதை என்று தோழர்கள் கேட்கலாம். உலகம் எப்படித் தோன்றியது என்பது நமக்குச் சும்மா ஓர் அறிவியல் கேள்வி கிடையாது. ஆதி மனிதன் ஒருவனைப் பலி கொடுத்ததில் வாயிலிருந்து ஒரு கூட்டம் வந்தது, காலிலிருந்து ஒரு கூட்டம் வந்தது என்ற தோற்றக் கதையை வைத்துத்தான் இந்த நாட்டில் மனுசனுக்கு இடம் ஒதுக்கினார்கள். காலிலிருந்து வந்ததாகக்கூட நம்மைச் சேர்க்கவில்லை. அந்தக் கதைக்கு எதிரில் வைக்கத்தக்க இன்னொரு தோற்ற வரலாறு 20ஆம் நூற்றாண்டில் கணக்குப் போட்டு எழுதப்பட்டது. அந்த வரலாற்றின்படி எல்லார் உடம்பிலும் தலையிலும் காலிலும் ஓடும் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜனுக்கு ஒரே வயசு, ஒரே பிறப்பு. அதைக் கணக்குப் போட்டுக் காட்டிய ஆளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஆல்ஃபர் 1921 பிப்ரவரி 3ஆம் தேதி வாஷிங்டன் நகரில் பிறந்தார். அப்பா, ரஷ்யப் பேரரசின் வீட்டெப்ஸ்க் பகுதியிலிருந்து பிழைப்புக்காக அமெரிக்கா வந்த யூதர். வீடு கட்டிக்கொடுக்கும் தொழில். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அந்தத் தொழில் என்ன கதியாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பையன் படிப்பில் சுட்டி. 16 வயதிலேயே எம்.ஐ.டி. என்ற பெயர்பெற்ற தொழில்நுட்ப நிறுவனத்தில் முழு உதவித்தொகையோடு படிக்க இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு, அங்கே படித்து முடித்த பழைய மாணவர் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார். பேச்சுவாக்கில் மதம் என்ன என்ற கேள்வி வந்தது. யூதன் என்று சொன்னார். கொஞ்ச நாளில் கடிதம் வந்தது, உதவித்தொகை இல்லை என்று. காரணம் ஒன்றும் எழுதவில்லை. பிற்காலத்தில் ஆல்ஃபர் சொன்ன விவரம் இவ்வளவுதான்.

காரணம் எழுதாத கடிதத்தைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்கள் இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்ற எழுதாத கணக்கு இருந்தது ஊரறிந்த விசயம். நம்ம ஊரில் 'நேர்முகத் தேர்வு' என்ற பெயரில் நடப்பதும் இதே வேலைதான். எழுத்துத் தேர்வில் ஒருவனைத் தடுக்க முடியாதபோது, முகத்தைப் பார்த்து ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு நிறுத்துவது.

பையன் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு வேலைக்குப் போனான். அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கத்தில் கடிதம் எழுதும் வேலை. பிறகு கார்னெகி நிறுவனத்தின் புவிக்காந்தத் துறை. இரண்டாம் உலகப் போர் வந்தது. இரும்புக் கப்பலின் காந்தத்தன்மையை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகளிலிருந்து கப்பல்களைக் காப்பாற்ற, கப்பலின் காந்தத்தை அடக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. அதில் வேலை பார்த்தார். 1944ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். அதுவும் ராணுவ வேலைதான். பகலெல்லாம் இந்த வேலை. சாயங்காலம் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரவு வகுப்பு. இளங்கலை 1943ல், பிறகு முதுகலை, பிறகு முனைவர் பட்டம் எல்லாமே இரவுப் படிப்பு. அவர் மனைவி லூயிஸும் பகலில் செயலர் வேலை பார்த்துக்கொண்டு இரவில் படித்தவர்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. எம்.ஐ.டி. கதவு சாத்தப்பட்ட பிறகு ஆல்ஃபருக்குத் திறந்த ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கதவு கறுப்பு மாணவர்களுக்குச் சாத்தியே கிடந்தது. 1954 வரைக்கும் அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பர்களைச் சேர்க்கவில்லை. வாஷிங்டன் நகரப் பள்ளிக்கூடங்களும் அதே 1954 வரை நிறம் பார்த்துப் பிரித்து வைக்கப்பட்டவைதான். ஆல்ஃபர் படித்த உயர்நிலைப் பள்ளியும் வெள்ளையர் பள்ளி. 1946ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் லிஸ்னர் அரங்கில் நடிகை இங்கிரிட் பெர்க்மன் நாடகம் போட வந்தபோது, கறுப்பர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பது தெரியவந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பெர்க்மனே பகிரங்கமாகக் கண்டித்தார். ஆல்ஃபர் இரவு வகுப்புக்குப் போய்வந்த அதே வளாகம், அதே வருடம். ஒடுக்குமுறை ஒரே சுவராக இருப்பதில்லை. படிக்கட்டு மாதிரி இருக்கிறது. நடுப்படியில் நிற்கிறவன் மேல்படிக்காரனிடம் அடிவாங்குகிறான். கீழ்ப்படியில் நிற்கிறவன் அந்த வளாகத்துக்குள்ளேயே வரமுடிவதில்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் படித்த நமக்கு இது புதுசில்லை. ஆகவே ஆல்ஃபரை நம்மில் ஒருவராக ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு நடந்தது என்ன மாதிரியான காரியம் என்று பார்ப்போம்.

இரவு வகுப்பில் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் காமோவ். ஒடெஸாவில் பிறந்தவர். லெனின்கிராடில் அலெக்சாண்டர் ஃபிரீட்மனிடம் பாடம் கேட்டவர். பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கான கணிதத்தை 1922லேயே எழுதிய ஃபிரீட்மன்தான் இவர். காமோவ் 1933ல் சோவியத் நாட்டை விட்டு வெளியேறி, அடுத்த வருடம் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உற்சாகமான ஆள். ஓயாமல் கேலி, ஓயாமல் யோசனை. குழந்தைக்கும் புரியும்படி அறிவியல் புத்தகம் எழுதத் தெரிந்தவர். ஆனால் ஒரு யோசனையை உட்கார்ந்து கடைசிவரை கணக்காக முடிப்பதற்கு அவருக்குப் பொறுமை கிடையாது. அதுக்குத்தான் ஆல்ஃபர்.

ஆல்ஃபருக்கு முதலில் கொடுத்த ஆய்வுப் பொருள் வேறு. விரியும் பிரபஞ்சத்தில் அண்டங்கள் எப்படித் திரண்டன என்பது. வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தபோது, சோவியத் அறிஞர் லிஃப்ஷிட்ஸ் அதே கணக்கை 1946ல் அச்சிட்டுவிட்டார் என்று தெரிந்தது. தன் குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆல்ஃபர் மறுபடி தொடக்கத்துக்கு வந்தார். அப்போது காமோவ் கொடுத்த இரண்டாவது பொருள்தான் தனிமங்களின் தோற்றம்.

விசயம் இதுதான். பிரபஞ்சத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்கு அப்போது வந்திருந்தது. ஹைட்ரஜன் ஏராளம். அடுத்தது ஹீலியம். இரும்பு, தங்கம், நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன் எல்லாம் சேர்த்தாலும் ஊறுகாய் அளவுதான். ஏன் இப்படி?

இந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது என்பதே தனியாக எழுத வேண்டிய கதை. நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் தெரியும் கோடுகளை வைத்து அங்கே வெப்பம் எவ்வளவு, எந்தத் தனிமம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சமன்பாட்டை 1920ல் தந்தவர் மேக்நாத் சாஹா. இன்றைய வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்துக் கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர் மகன். தாழ்ந்தது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சாதி. 1905ல் வெள்ளைக்கார ஆளுநருக்கு எதிரான மாணவர் போராட்டத்தில் நின்றதற்காக அவர் உதவித்தொகையையும் பிடுங்கினார்கள். கல்கத்தா கல்லூரி விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். அந்த சாஹாவின் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் நட்சத்திரங்களை ஆராய்ந்தவர் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண். நட்சத்திரங்களில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் என்று 1925ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் கண்டுசொன்னார். ஹென்றி ரஸ்ஸல் என்ற பெரிய வானியலாளர் இது நடக்கவே முடியாது என்று சொன்னதால், தான் கண்டது உண்மையாக இருக்காது என்று அவரே எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. நாலு வருடம் கழித்து ரஸ்ஸலும் அதே முடிவுக்கு வந்து எழுதினார். ஆக, ஆல்ஃபர் பதில் தேடிய கேள்விக்குள்ளேயே ஒரு தாழ்த்தப்பட்ட சாதிக்காரரின் சமன்பாடும், வாயடைக்கப்பட்ட பெண்ணின் கண்டுபிடிப்பும் இருந்தன. அறிவியல் புத்தகங்கள் இந்தக் கோவையை ஒரே மூச்சில் சொல்வதில்லை. நாம்தான் கோத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, ஆல்ஃபரின் கணக்குக்கு வருவோம். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்றால் பின்னோக்கிப் போகப் போக எல்லாம் நெருக்கமாகவும் கொதிப்பாகவும் இருந்திருக்க வேண்டும். அந்த ஆதிக் குழம்புக்கு ஆல்ஃபர் ஒரு பழைய அகராதியிலிருந்து 'ஐலெம்' என்ற பெயரைத் தேடிப் பிடித்தார். நியூட்ரான்கள் நிறைந்த குழம்பு. நியூட்ரான் தனியாக இருந்தால் நிலைக்காது, சிதைந்து புரோட்டானாகும். புரோட்டான் என்பது ஹைட்ரஜனின் கரு. அது இன்னொரு நியூட்ரானைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப் பிடித்துப் பிடித்துப் பெரிய கருக்கள் ஆகும். எந்தக் கரு எவ்வளவு எளிதாக நியூட்ரானைப் பிடிக்கும் என்ற அளவுகள் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். அணுகுண்டு வேலையின்போது அளக்கப்பட்டு மூடி வைக்கப்பட்டிருந்த அந்த அளவுகள் போருக்குப் பிறகு வெளிவந்தன. 1946ல் ஓர் இயற்பியல் கூட்டத்தில் டொனால்ட் ஹியூஸ் என்பவர் அதைப் பற்றிப் பேசிய சின்ன உரையைக் கேட்டதும் ஆல்ஃபருக்குப் பொறி தட்டியது. பிரபஞ்சத்தில் எது நிறைய இருக்கிறதோ அது நியூட்ரானைப் பிடிப்பதில் மந்தமாக இருக்கிறது. எது சுறுசுறுப்பாகப் பிடிக்கிறதோ அது மேலே மேலே மாறிப் போய்க் குறைவாக மிஞ்சியிருக்கிறது. பகல் வேலை முடித்து இரவில் உட்கார்ந்து போட்ட கணக்கில் ஹைட்ரஜனும் ஹீலியமும் கிட்டத்தட்டச் சரியான அளவில் வந்துவிட்டன.

இந்தக் கணக்கின் சுருக்கத்தைத்தான் ஏப்ரல் முதல் தேதிக் கட்டுரையாக அச்சிட்டார்கள். கட்டுரை ஏற்கப்பட்ட சந்தோசத்தில் ஒரு மதுப் புட்டியில் 'ஐலெம்' என்று லேபிள் ஒட்டிக் கொண்டாடியிருக்கிறார்கள். அந்தப் புட்டியைக்கூட வாஷிங்டனில் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த மாதமே ஆல்ஃபர் தன் ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் வாதாட வேண்டியிருந்தது. வழக்கமாக இந்தத் தேர்வில் நாலைந்து பேராசிரியர்கள் இருப்பார்கள். ஆல்ஃபருக்கு 300 பேர் வந்து உட்கார்ந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் உட்பட. ஹைட்ரஜனும் ஹீலியமும் உருவாக எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று கேட்டதற்குச் சுமார் 300 நொடி என்றார். மறுநாள் 'வாஷிங்டன் போஸ்ட்' உலகம் ஐந்து நிமிடத்தில் தொடங்கியது என்று தலைப்புப் போட்டது. கார்ட்டூன் வந்தது. உங்கள் ஆத்மாவுக்காகப் பிரார்த்திக்கிறோம் என்று பக்தர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. கொஞ்ச நாள் ஊர் பேசியது, அப்புறம் ஓய்ந்துவிட்டது. ஆனால் இயற்பியல்காரர்களின் பேச்சில் அது 'காமோவின் கொள்கை' என்றே நின்றுவிட்டது.

அடுத்து நடந்ததுதான் பெரிய விசயம். அதே ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் ஹெர்மன் என்ற நண்பர் இருந்தார். பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர். காமோவ் இவரையும் விடவில்லை. பெயரை 'டெல்ட்டர்' என்று மாற்றிக்கொண்டால் நாலாவது கிரேக்க எழுத்தும் சேர்ந்துவிடும், பிடிவாதக்காரர் மாற்ற மாட்டேன் என்கிறார் என்று கேலி எழுதினார். ஆல்ஃபரும் ஹெர்மனும் சேர்ந்து, 'நேச்சர்' இதழில் காமோவ் எழுதிய ஒரு கட்டுரையில் இருந்த கணக்குத் தப்புகளைத் திருத்தி 1948 நவம்பரில் அதே இதழுக்கு ஒரு குறிப்பு எழுதினார்கள். அதில் ஒரே ஒரு வரியில் ஒரு எண் இருக்கிறது. தனிமங்கள் உருவான நேரத்தில் அவ்வளவு கொதிப்பு இருந்தது என்றால் அந்தக் கொதிப்பின் ஒளி எங்கேயும் போயிருக்க முடியாது. பிரபஞ்சத்துக்கு வெளியே போக இடம் ஏது? விரிய விரியக் குளிர்ந்து இன்றும் எல்லாத் திசையிலும் நிறைந்திருக்க வேண்டும். அதன் இன்றைய வெப்பநிலை சுமார் 5 கெல்வின். அதாவது பூச்சியத்துக்குக் கீழே 268 டிகிரி செல்சியஸ்.

இந்த ஒளி எப்போது விடுபட்டது என்பதை இப்போது நன்றாகவே கணக்கிட்டிருக்கிறார்கள். பிரபஞ்சம் தொடங்கிச் சுமார் 3,80,000 வருடத்தில், வெப்பம் 3,000 கெல்வினுக்கு இறங்கியபோது, அதுவரை தனியாகத் திரிந்த எலக்ட்ரான்கள் கருக்களோடு சேர்ந்து அணுக்களாயின. மூட்டம் கலைந்தது மாதிரி ஒளிக்கு வழி கிடைத்தது. இதைக் கணக்கிடுவதற்கு முதல் படியாக மாணவர்கள் இன்றும் எழுதுவது சாஹா சமன்பாட்டைத்தான். அதற்கப்புறம் பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. ஒளியும் அத்தனை மடங்கு குளிர்ந்திருக்கிறது.

காமோவ் இந்த 5 கெல்வினை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவரே தன் எழுத்துகளில் வேறு வேறு எண்களைக் கொடுத்தார். விளைவு, அந்தக் கணிப்பும் மெதுவாக அவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஆல்ஃபரும் ஹெர்மனும் ரேடியோ, ரேடார் தெரிந்தவர்களிடம் போய் இதை அளக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டங்களில் பேசினார்கள், கட்டுரைகள் எழுதினார்கள். 1953ல் ஜேம்ஸ் ஃபாலின் என்பவரோடு சேர்ந்து அவர்கள் எழுதிய கட்டுரையைத்தான் ஆதிப் பிரபஞ்சத்தின் முதல் முழுமையான நவீன ஆய்வு என்று பின்னாளில் ஸ்டீவன் வைன்பர்க் பாராட்டினார். ஆனாலும் ஒருத்தரும் ஆண்டெனாவைத் தூக்கவில்லை.

இதுக்கு அறிவியல் காரணங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஹீலியத்துக்கு மேலே கணக்கு ஏறவில்லை. 5 எடையிலும் 8 எடையிலும் நிலையான கரு கிடையாது. ஏணியில் இரண்டு படி இல்லாத மாதிரி. கனமான தனிமங்கள் நட்சத்திரங்களுக்குள் உருவாகின்றன என்று 1957ல் ஹாயிலும் பர்பிட்ஜ் தம்பதியும் ஃபவுலரும் நிறுவினார்கள். எல்லாத் தனிமமும் ஆரம்பத்திலேயே உருவானது என்ற காமோவ் குழுவின் வாதம் அந்த அளவில் தப்பு. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற ஹாயிலின் கொள்கையும் அந்நாளில் செல்வாக்காக இருந்தது. 'பிக் பேங்' என்ற பெயரே 1949ல் பி.பி.சி. வானொலியில் ஹாயில் வைத்ததுதான்.

ஆனால் கருவியே இல்லை, அதனால்தான் யாரும் தேடவில்லை என்று சொன்னால் அதை என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1946லேயே ராபர்ட் டிக்கி தான் செய்த ஒரு கருவியால் வானத்தை அளந்து, அப்படி ஏதாவது கதிர்வீச்சு இருந்தால் அது 20 கெல்வினுக்குள் என்று அச்சிட்டிருந்தார். 20க்கும் 5க்கும் உள்ள தூரம் கடக்க முடியாத தூரமா? அதே டிக்கி, ஆல்ஃபர் குழுவின் எழுத்து நினைவிலேயே இல்லாமல், 1964ல் பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்தபோது தானாகவே அந்த யோசனைக்கு வந்தார். உடனே இரண்டு இளைஞர்கள் கருவி கட்ட உட்கார்ந்தார்கள். மூன்றாவது இளைஞர், ஜேம்ஸ் பீபிள்ஸ், கணக்குப் போட உட்கார்ந்தார். பிரின்ஸ்டன் பேராசிரியர் வாயிலிருந்து வந்த யோசனைக்குக் கைகள் கிடைக்கின்றன. ராணுவ ஆய்வுக்கூடத்துச் சம்பளக்காரர்கள், இரவுப் பள்ளியில் பட்டம் வாங்கியவர் சொன்ன யோசனைக்கு நூலகத்தில் ஓர் இடம் கிடைக்கிறது.

அவர்களுக்கும் குடும்பம் இருந்தது, பிழைப்பு இருந்தது. ஆல்ஃபர் 1955ல் ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஹெர்மன் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய், சாலையில் கார்கள் எப்படித் தேங்கி எப்படி நகர்கின்றன என்று ஆராய்ந்து அதிலும் பெயர் வாங்கினார். பிரபஞ்சத்தின் வெப்பத்தைக் கணக்கிட்ட ஆள் போக்குவரத்து நெரிசலைக் கணக்கிடப் போனார்! அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கண்ணில் இவர்கள் கம்பெனிக்காரர்கள். ஓய்வு நேரத்தில் பிரபஞ்சம் பற்றி எழுதுகிறவர்கள்.

1964ல் நியூ ஜெர்சியில் ஹோல்ம்டெல் என்ற இடத்தில் பெல் ஆய்வுக்கூடத்தின் கொம்பு வடிவ ஆண்டெனாவை வைத்து ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் வேறு வேலை செய்யப்போக, ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் இரைச்சல், எந்த நேரமும் இரைச்சல். ஆண்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுரண்டிக் கழுவிப் பார்த்தார்கள். அப்பவும் போகவில்லை. அளந்தால் 3.5 கெல்வின். பிரின்ஸ்டனுக்கு ஃபோன் போட்டபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. 1965 மே 21ஆம் தேதி 'நியூ யார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் செய்தி. ஜூலையில் 'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' இதழில் இரண்டு கட்டுரை, ஒன்று கண்டவர்கள் எழுதியது, இன்னொன்று பிரின்ஸ்டன்காரர்கள் எழுதிய விளக்கம். 1948ல் இரண்டு பேர் 5 கெல்வின் என்று முன்கூட்டியே சொன்ன விசயம் இரண்டிலும் இல்லை.

காமோவும் கோபப்பட்டார். ஆனால் அவர் 1968ல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆல்ஃபரும் ஹெர்மனும் வருடக்கணக்காகக் கடிதம் எழுதினார்கள். புத்தகம் எழுதியவர்களுக்கு, கட்டுரை எழுதியவர்களுக்கு, பத்திரிகைகளுக்கு. நாங்கள் இன்ன தேதியில் இன்ன பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறோம், பாருங்கள் என்று. இதைப் புகழாசை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. தன் பெயரைத் தானே கேட்க வேண்டிய நிலைக்கு ஒருவனைத் தள்ளிவிட்டு, கேட்டதும் அற்பன் என்று சொல்லும் இந்தச் சாமர்த்தியம் எல்லா நாட்டு மேட்டுக்குடிக்கும் பொதுச்சொத்து. அந்த ஆண்டெனாவை வந்து பாருங்கள் என்றுகூட ஒருத்தரும் கூப்பிடவில்லை என்பது ஆல்ஃபருக்குக் கடைசிவரை ஆறாமல் இருந்தது. வயதான காலத்துப் பேட்டியில் அந்த வருத்தத்தை அவர் மறைக்கவில்லை.

1978ல் பென்சியாசுக்கும் வில்சனுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். பென்சியாஸ் தன் நோபல் உரையில் காமோவ், ஆல்ஃபர், ஹெர்மன் வேலையை எடுத்துச் சொன்னார். அந்த மட்டில் அவர் நல்ல மனுசன். 1989 நவம்பரில் இந்தக் கதிர்வீச்சை அளப்பதற்காகவே கோபி என்ற செயற்கைக்கோளை ஏவினார்கள். ஏவுதளத்துக்கு ஆல்ஃபரையும் ஹெர்மனையும் அழைத்திருந்தார்கள். 41 வருடம் கழித்து ஓர் அழைப்பு. கோபி அளந்து சொன்ன அளவு 2.73 கெல்வினை ஒட்டியது. அதற்காக மேத்தருக்கும் ஸ்மூட்டுக்கும் 2006ல் நோபல். அன்றைக்குக் கணக்குப் போட்ட பிரின்ஸ்டன் இளைஞர் பீபிள்ஸுக்கு 2019ல் நோபல். பீபிள்ஸ் பிற்காலத்தில் 1948ல் நடந்தது என்ன என்று ஆவணங்களைப் புரட்டி வரலாறு எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆல்ஃபர் ஜெனரல் எலக்ட்ரிக் வேலைக்குப் பிறகு ஸ்கெனெக்டடியிலேயே யூனியன் கல்லூரியில் 2004 வரை பாடம் நடத்தினார். 1993ல் அவருக்கும் ஹெர்மனுக்கும் அமெரிக்க அறிவியல் கழகத்தின் ஹென்றி டிரேப்பர் பதக்கம் கிடைத்தது. ஹெர்மன் 1997ல் இறந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 2001ல்தான் வெளிவந்தது. தங்கள் கதையைத் தாங்களே எழுத வேண்டியிருந்தது.

2005ஆம் வருடத்துக்கான அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கத்தை ஆல்ஃபருக்கு அறிவித்தார்கள். வெள்ளை மாளிகையில் விழா நடந்தது 2007 ஜூலை 27ஆம் தேதி. அவரால் எழுந்து போக முடியவில்லை, மகன் போய் வாங்கிக்கொண்டார். பதக்கக் குறிப்பில் தனிமங்களின் தோற்றம், கதிர்வீச்சைப் பற்றிய கணிப்பு, பிக் பேங் கொள்கைக்கான மாதிரி என்று மூன்றையும் சேர்த்து அவர் ஒருத்தர் பெயரிலேயே எழுதியிருந்தார்கள். பதினாறு நாள் கழித்து, ஆகஸ்ட் 12ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஆல்ஃபர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 86.